ஒன்பது எச்: விளம்பர மொழியில் ஓர் எச்சம்

விளம்பரத்தைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்வது தகுமா என்று நம்மவருள் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே என் கருத்து. நம் மாணவர் ஒரு நாளிற் படிக்கும் செய்யுள் அடிகளினும் பன்மடங்கு மிகுதியான விளம்பர வரிகளைப் படிக்கின்றனர். தொடக்கப்பள்ளித் தமிழ்த் தேர்விலேயே விளம்பரத் தாள் ஒன்றைக் கொடுத்து அதனடியில் வினாக்கள் கேட்கிறோம். அவ்வினாக்கள் எத்தகையவை? விற்பனை எந்நாளில் தொடங்குகிறது, சலுகை எவர்க்கு உண்டு, எவ்விடத்திற்குச் செல்லவேண்டும் என்பனவே அவற்றுட் பெரும்பாலானவை. விளம்பரம் சொல்வதை எழுத்துப் பிழையின்றித் திருப்பி எழுதிய மாணவன் முழு மதிப்பெண் பெறுகிறான். அது சொல்வது மெய்தானா, முதற்கண் அதற்குப் பொருள் உண்டா என்று கேட்கும் வினாவை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். படிக்கக் கற்பித்தோம், ஆராயக் கற்பித்தோமா என்னும் ஐயம் எனக்கு உண்டு. அதனால், ஒரேயொரு விளம்பரத் தொடரை எடுத்துக்கொண்டு, ஒரு செய்யுளடியை நாம் எவ்வாறு சொற்பிரித்துப் பொருள் காண்போமோ அவ்வாறே அதற்கும் பொருள் காண முற்படுகிறேன்.

அத்தொடர், ‘9எச் வன்மை’ என்பது. காரின் வண்ணத்தின்மேல் பூசப்படும் காப்புப் பூச்சுகளை விற்போர் இதனை விடாது வழங்குகின்றனர். சின் மிங், யூபி, காக்கி புக்கிட் முதலிய வட்டாரங்களில், காரைக் கழுவி மெருகிட்டுத் தரும் கடைகளின் முகப்புப் பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் இதனைக் காணலாம். இளைஞர்களுக்கு இது வேறொரு வழியாகவும் அறிமுகமானது. கைத்தொலைபேசித் திரையின்மேல் ஒட்டும் கண்ணாடித் தகட்டின் உறையிலும் இதே ‘9எச்’ பொறிக்கப்பட்டுள்ளது.

பூச்சின் விலை சில நூறு வெள்ளியிலிருந்து சில ஆயிரம் வெள்ளி வரை செல்லும். வேறு நாட்டார்க்கு இது மிகையெனத் தோன்றலாம்; சிங்கப்பூரில் தோன்றாது. 1990ஆம் ஆண்டு முதல் இங்குக் கார் வாங்குவோர் வாகன உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுத்தாக வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்குரிய சான்றிதழ் மட்டுமே 150,001 வெள்ளிக்கு ஏறியது; அதன் ஆயுளோ பத்தாண்டு. இத்துணைப் பொருள் ஈந்தவர் தம் காரின் மேனியிற் கீறல் விழாதிருக்க வேண்டுமென விழைவது இயல்பு. செல்வர் மட்டும் அல்லர். தனியார் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் தந்தையும் இவ்விளம்பரத்தின் முன் நின்று கணக்கிடுகிறார். ஆகவே இது சொல் விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சி மட்டும் அன்று.

இனித் தொடருக்கு வருவோம். ‘9எச் வன்மை’ என்று படிப்பவன் உள்ளத்தில் என்ன எழுகிறது? வன்மைக்குப் பத்துப் படிகள் உண்டென்றும், பத்தாவது படியில் வைரம் இருக்கிறதென்றும் பள்ளியில் நாமே கற்பித்திருக்கிறோம். செருமானியக் கனிமவியலறிஞர் பிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த வரிசை அது. மாக்கல் முதற்படி, படிகக்கல் ஏழு, புட்பராகம் எட்டு, ஒன்பதாம் படி குருந்தம், அதற்குமேல் வைரம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே. (கொரண்டம் என்று அக்கல்லுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதென அவர்தம் அகராதிகளே கூறுகின்றன. நம் சொல் உலகைச் சுற்றிவந்து நம் முன்னேயே நின்றாலும், நாம் அதனை அடையாளங் காண்பதில்லை.) ஆக, ஒன்பது என்றவுடன் படிப்பவன் மாணிக்கத்தையும் நீலத்தையும் எண்ணுகிறான். தன் கார்மீது நீலமணியை உருக்கி ஊற்றப் போகிறார்கள் என்று கருதுகிறான். அவ்வாறு அவன் கருத வேண்டும் என்பதற்காகவே சில விளம்பரங்கள் பூச்சின் பெயரை வைரம் என்றும் மணி என்றும் சூட்டி, பின்புலத்தில் பட்டை தீட்டிய கல்லின் படத்தையும் வைக்கின்றன.

ஆனால் மோஸ் வரிசையில் ‘எச்’ என்னும் எழுத்தே இல்லை. இந்த எழுத்து வந்த இடம் கனிமச் சுரங்கம் அன்று; மாணவர்தம் பென்சில் பெட்டி.

பிரெஞ்சு நாட்டு நிக்கோலா கோன்டே 1795இல் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சுட்டு எழுதுகோலின் உட்தண்டு செய்யும் முறையைக் கண்டார். களிமண் கூடினால் தண்டு கடினமாகி, எழுத்து மெலிந்து விழும். கிராஃபைட் கூடினால் தண்டு மென்மையாகிக் கருமை மிகும். கடினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே ‘எச்’. கருமையைக் குறிப்பதன் முதலெழுத்து ‘பி’. ஓவியன் நாடும் 6பி-யும், பொறியாளர் வரைபடத்திற்கு நாடும் 4எச்-உம் இவ்வாறு பிறந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய ஐரோப்பாவில் இத்தகைய பென்சில் ஒன்றுக்குக் கோகினூர் என்று நம் நாட்டு வைரத்தின் பெயரையே வைத்தனர். அன்று வைரத்தின் பெயரைப் பென்சில் பூண்டது. இன்று பென்சிலின் எண்ணை எடுத்து வைரத்தின் ஒளியைக் காட்டுகின்றனர்.

வண்ணப் பூச்சுத் தொழிலார் இப்பென்சில்களை ஒரு சோதனைக் கருவியாக்கிக் கொண்டனர். அது எளிய சோதனை, நேர்மையான சோதனையுங்கூட. மரத்தைச் சீவி அகற்றி, உட்தண்டின் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குவர். பூச்சு உலர்ந்த தகட்டின்மேல் அதனை 45 பாகைச் சாய்வில் நிறுத்தி, 750 கிராம் சுமையேற்றிச் சிறிது தூரம் தள்ளுவர். கோடு விழவில்லையாயின் அடுத்த கடினப் பென்சிலை எடுப்பர். எந்தப் பென்சில் வரை பூச்சில் வடு விழவில்லையோ, அப்பென்சிலின் எண்ணே பூச்சின் எண். பன்னாட்டுத் தர நிறுவனம் இம்முறையை 15184 என்னும் எண்ணுடைய நூலாக வகுத்துள்ளது. அதிற் குறித்த பென்சில் வரிசை 9பி-யில் தொடங்கி 9எச்-இல் முடிகிறது.

இப்போது தொடரின் பொருள் விளங்கும். ‘9எச் வன்மை’ என்றால், வரிசையிலுள்ள மிகக் கடினமான பென்சிலும் இப்பூச்சைக் கீறவில்லை என்பதே. பென்சிலின் தண்டு கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட்டோ மோஸ் வரிசையில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது. களிமண் சேர்ந்து இறுகினாலும் அது மாணிக்கத்தின் அருகே வரப்போவதில்லை. நம் வீட்டுச் சன்னற் கண்ணாடியின்மேல் 9எச் பென்சிலை வைத்து அழுத்திப் பாருங்கள். துடைத்தால் போகும் கரிக்கோடு விழலாம், கீறல் விழாது. எனவே சன்னற் கண்ணாடியும் 9எச். தண்ணீர் அருந்தும் கண்ணாடிக் குவளையும் 9எச். மோஸ் வரிசையில் அக்கண்ணாடியின் இடம் ஏறத்தாழ ஐந்தரை. சாலைப் புழுதியிலுள்ள படிக மணலின் இடமோ ஏழு. கைத்தொலைபேசியை மணலிருந்த பைக்குள் போட்டவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டுவதில்லை.

இங்கே ஆசிரியர்கள் எளிதில் உணரக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். மோஸ் வரிசை, பென்சில் வரிசை ஆகிய இரண்டுமே தரவரிசைகள், அளவைகள் அல்ல. வகுப்பில் முதலிடம், இரண்டாமிடம் என்று சொல்வது போன்றவை அவை. முதல் மாணவன் இரண்டாமவனை அரை மதிப்பெண்ணில் வென்றானா, நாற்பது மதிப்பெண்ணில் வென்றானா என்பதை இடம் சொல்லாது. குருந்தத்திற்கும் வைரத்திற்கும் இடையே மோஸ் வரிசையில் ஒரு படிதான். உண்மையில் வைரத்தின் கடினம் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு பள்ளியின் ஒன்பதாம் இடத்தை மற்றொரு பள்ளியின் ஒன்பதாம் இடத்தோடு ஒப்பிடலாகாது என்பதை நாம் அறிவோம். இங்கோ இரண்டு பள்ளிகளும் வேறு. ஒன்று மணிகள் படிக்கும் பள்ளி, மற்றொன்று பென்சில்கள் படிக்கும் பள்ளி. அன்றியும், வரிசையின் கடைசிப் பென்சிலே தோற்ற பிறகு அச்சோதனைக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. வினாத்தாள் எளிதாக இருந்து வகுப்பு முழுவதும் நூறு பெற்றால், அந்த நூறு எவரையும் வேறுபடுத்திக் காட்டாது. ‘10எச்’ என்று விளம்பரம் செய்யும் கடைகளும் உள. அத்தகைய பென்சில் சப்பானில் உண்டு. ஆயினும் பன்னாட்டு நூல் குறிக்கும் வரிசையை அது தாண்டி நிற்பது.

சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் நகைக்கடைகளின் முகப்பில் வேறோர் எண்ணைக் காண்கிறோம்: 916. இதுவும் விளம்பரத்திற்கு உரிய எண்தான்; தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் இதனைக் கேட்டுத்தான் வாங்குகின்றனர். ஆனால் அவர்களுள் எவரையேனும் நிறுத்தி, ‘எதில் 916?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், எஞ்சியது செம்பும் பிறவும் என்று விடை வரும். உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பதும் நாம் அறிந்த வழக்கமே. வள்ளுவர் ஒருவனுடைய பெருமையையும் சிறுமையையும் அறிய அவன் செயலையே கட்டளைக்கல்லாகக் கொள்ளச் சொன்னபோது, கேட்போர் அக்கல்லைக் கண்ணால் கண்டவர்களாக இருந்தமையால்தான் உவமை நின்றது. 916க்கு முழுமை இருக்கிறது; கல் இருக்கிறது. 9எச்-க்கு இரண்டும் இருந்தும் விளம்பரம் அவற்றை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் தருகிறது.

இலக்கண நெறியிற் கூறின், இவ்வெண் ஓர் எச்சம். பெயரெச்சம் பெயரையும் வினையெச்சம் வினையையும் அவாவி நிற்பதுபோல, இது தன் அளவுகோலின் பெயரை அவாவி நிற்கிறது. முடிக்குஞ்சொல்லைக் கடைக்காரர் தருவதில்லை. வாங்குபவர் தம் ஆசையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து முடித்துக்கொள்கிறார். (பறவையின் எச்சமே கார் வண்ணத்திற்குப் பெரும்பகை என்பதையும், மைனாக்கள் அடையும் மரத்தடியிற் காரை நிறுத்தியோர்க்காக இங்கே குறித்துவைக்கலாம்.)

இத்தொடரின் குற்றம் யாது என்று கேட்டால், மிகைபடக் கூறல் என்றே பலரும் உடனே சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. நன்னூல் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். இத்தொடரின் குற்றம் அதுவே. எண் பொய்யாக இருக்க வேண்டுவதில்லை. சோதனை உண்மையாகவே நடந்திருக்கலாம். பென்சில் உண்மையாகவே தோற்றிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாது விட்டமையால் வந்த பிழை இது. குன்றக் கூறியதன் விளைவாகத்தான் மயங்கவைத்தல் என்னும் அடுத்த குற்றம் பிறக்கிறது: ஒரே தொடர் பென்சிலையும் குறிக்கிறது, மாணிக்கத்தையும் குறிக்கிறது. பொய்யுரையைப் பிடிப்பது எளிது. பாதி உரையைப் பிடிப்பதற்கே கல்வி தேவை.

கவிதையில் உயர்வு நவிற்சி இல்லையா, விளம்பரத்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தண்டியலங்காரம் அதிசய அணி என்று ஒன்றை வகுத்தது உண்மை. ஆனால் மாடம் மதியைத் தீண்டியது என்று கவிஞன் பாடினால், ஏணி கொண்டுவந்து எவரும் அளப்பதில்லை. பாடுவோனும் கேட்போனும் அது அணி என்பதை அறிவர். அவ்வறிவே அங்கே இன்பம். ‘கண்ணாடிபோல் மின்னும்’ என்று விளம்பரம் சொல்லட்டும். அஃது உவமை, அதன்மேல் எனக்கு வழக்கில்லை. ‘9எச்’ என்பதோ உவமை உருபின்றி வரும் உவமை. அணியாக இருந்துகொண்டு அளவைபோல வேடம் புனைகிறது. எண் என்றாலே மெய் என்று நம்பும் பழக்கம் நம்மிடையே ஆழமாக உள்ளது. அப்பழக்கத்தின்மேல் ஏறி அது வீட்டுக்குள் வருகிறது.

காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் இவ்விளம்பரம் காண்டலையும் விட்டுவைக்கவில்லை. பூசிய காரின்மேல் நெருப்பைக் காட்டுவதும், நாணயத்தால் உரசுவதும் காணொளிகளாக வருகின்றன. பூசாத கார் ஒன்றை அருகில் நிறுத்தி அதே நெருப்பைக் காட்டினாலன்றி, இக்காட்சி எதையும் நிறுவாது. தொழிற்சாலையில் இட்ட வண்ணமே அந்தச் சிறுபொழுது நெருப்பைத் தாங்கியிருக்கக்கூடும் அல்லவா?

பூச்சின் கனத்தையும் எண்ண வேண்டும். தலைமயிர் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். காரின் வண்ணத்தின்மேல் தொழிற்சாலையிலேயே இடும் தெளிந்த மேற்பூச்சு 40 அல்லது 50 மைக்ரோமீட்டர். கடையிற் பூசும் காப்போ பெரும்பாலும் ஓரிரு மைக்ரோமீட்டர் மட்டுமே. கண்ணாடித் தகட்டின்மேலோ எஃகுத் தகட்டின்மேலோ பூசிச் சோதித்தபோது கிடைத்த எண்ணை, மென்மையான மேற்பூச்சின்மேலும் பிளாஸ்டிக் மோதுதாங்கியின்மேலும் பூசும்போது எதிர்பார்க்க முடியாது. மெத்தைமேல் விரித்த தாளும் மேசைமேல் விரித்த தாளும் ஒரே தாளாயினும் பென்சிலுக்கு ஒன்றல்ல.

மேலும், கீறல் வேறு, தேய்வு வேறு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் முன்னோர் சொன்னபோது எறும்பின் கால் கல்லினும் கடிதென்று கருதவில்லை. பென்சில் சோதனை ஒரு முறை இழுக்கும் கோட்டைப் பார்க்கிறது. கார் எதிர்கொள்வது வாரந்தோறும் புழுதியோடு சேர்த்துத் தேய்க்கும் துணியை. அதனைத் தாங்குமா என்பதை அறிய வேறு சோதனைகள் உள்ளன. அவற்றின் எண்கள் பலகையில் இடம்பெறுவது அரிது. கடினம், திண்மை, உறுதி, தாங்குதிறன் என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்க, எல்லாவற்றையும் ‘வன்மை’ ஒன்றிலேயே அடைப்பது நம் மொழிக்கும் நன்றன்று. கண்ணாடி கடினமானது, ஆயினும் கீழே விழுந்தால் உடைகிறது. ரப்பர் மென்மையானது, உடைவதில்லை.

‘பீங்கான் பூச்சு’ என்னும் பெயரும் இத்தகையதே. பீங்கான் சூளையிற் பிறப்பது. இப்பூச்சுகளுட் பல சிலிக்கனும் ஆக்சிசனும் பின்னிய சேர்மங்கள் ஆதலின் வேதியியலார் அப்பெயரை ஒருவாறு ஏற்கக்கூடும். ஆனால் கேட்பவன் காதில் விழுவது சூளையின் வெப்பம். காரைச் சூளையில் வைத்தவர் எவருமில்லை.

நடுநிலை தவறாதிருக்க, பூச்சின் பயனையும் சொல்லவேண்டும். நீர் ஒட்டாது முத்துமுத்தாக உருண்டோடும். அழுக்கு எளிதிற் கழுவப்படும். பறவை எச்சமும் மரப்பிசினும் வண்ணத்தைத் தொடுமுன் துடைத்தெடுக்கச் சிறிது காலம் கிடைக்கும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்து, அடுத்த நாழிகையே வெயில் காயும் இத்தீவில் இது சிறிய பயன் அன்று. இந்த உண்மையான பயன்களை விற்பதற்கு அந்த எண் தேவையே இல்லை என்பதுதான் வியப்பு. நீரை விலக்குவதற்கும் பென்சிலை வெல்வதற்கும் தொடர்பில்லை.

உத்தரவாதத் தாள்களைப் பற்றி நீளப் பேசப்போவதில்லை. முதற்பக்கத்தில் ‘ஐந்தாண்டு’ என்றும், உட்பக்கத்தின் சிற்றெழுத்தில், குறித்த தவணைதோறும் அதே கடைக்குக் கொண்டுவந்து கட்டணம் செலுத்திப் பராமரித்தால் மட்டுமே செல்லும் என்றும் எழுதும் தாள்கள் உண்டு. மாறுகொளக் கூறல் என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் இல்லாமலில்லை. பயனீட்டாளர் சங்கம் 1971 முதலும், விளம்பரத் தர ஆணையம் 1976 முதலும் இங்கு இயங்குகின்றன. விளம்பரம் உண்மையாக இருத்தல் வேண்டும், கூற்றுக்குச் சான்று இருத்தல் வேண்டும் என்று விளம்பர நெறிமுறை கூறுகிறது. 2003இன் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளுக்கு இல்லாத தன்மையை இருப்பதாகக் கூறுவதை நேர்மையற்ற வணிகம் என்கிறது. ஆனால் குன்றக் கூறியவன் இல்லாத தன்மை எதையும் வாய்திறந்து கூறவில்லையே! ‘மாணிக்கம் என்று நானா சொன்னேன்? நீங்களே எண்ணிக்கொண்டீர்கள்’ என்பான். ஆதலின் இவ்வழக்கு நீதிமன்றத்திற்குச் செல்லுமுன் வகுப்பறைக்கு வரவேண்டிய வழக்கு.

வகுப்பறையில் இதனைச் செய்து பார்க்கலாம். உயர்நிலை மூன்றாம் வகுப்பில் நான் செய்து பார்த்தேன். இத்தகைய விளம்பரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருவன. ஆகவே தமிழில் எழுதுக என்றேன். ‘9எச் வன்மை கொண்ட பூச்சு’ என்று எல்லாரும் ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டனர். பிறகு வேற்றுமை உருபுகளைக் கேட்டேன். எதனால் கீறினர்? எதன்மேல் பூசினர்? எதனோடு ஒப்பிட்டனர்? மூன்றாம் வேற்றுமைக்கு விடை தேடப் போனவர்கள் பென்சிலைக் கொண்டுவந்தனர். ஏழாம் வேற்றுமைக்குப் போனவர்கள் கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்தனர். சோதனை முறையை நான் பலகையில் எழுதியபின் தொடர் இவ்வாறு ஆயிற்று: ‘கண்ணாடித் தகட்டின்மேல் பூசி உலர்ந்த இப்பூச்சில், 750 கிராம் சுமையேற்றிய 9எச் பென்சிலால் கீறல் விழவில்லை, மணலால் விழும்.’

ஒரு மாணவி அதனைப் பலகையில் எழுதி, அதனடியில் விலைக்கு இடம் விட்டாள். எவ்வளவு எழுதலாம் என்பதில் மணியடிக்கும் வரை வகுப்பு உடன்படவில்லை.